மலைமேல் ஊர், கரைமேல் நகர்

ஓர் ஊரின் மக்கள் தொகை மாறுவதற்குப் பொதுவாக இரண்டு காரணங்களைச் சொல்வோம். இருந்தவர்கள் வெளியேறுவார்கள், அல்லது வெளியே இருந்தவர்கள் குடியேறுவார்கள். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது மாற்றம் ஒன்றுண்டு. ஊரார் தம் வீட்டு வாசலை விட்டு அசையவில்லை. ஊருக்குள் அந்நியர் எவரும் வந்து குடிபுகவுமில்லை. ஆயினும், நேற்றுவரை ஒரு தீவு முழுவதற்கும் உரியவர்களாய் இருந்தவர்கள், பத்தே ஆண்டுகளில் அதே தீவில் சிறுபான்மையாகிப் போகிறார்கள். கிரேக்க நாட்டிலுள்ள ஆனோ சீரோஸ் என்னும் சிற்றூருக்கு நேர்ந்தது இதுவே. அவ்வூரார் கத்தோலிக்கர் என்பதனால் அவர்களின் கதையில் நமக்குத் தனி அக்கறை எழுவது இயல்பு. ஆனால் அந்த அக்கறை ஒருசார்புப் பார்வையாகிவிடக் கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஏஜியன் கடலில் சிதறிக் கிடக்கும் சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்தின் நடுவில் உள்ளது சீரோஸ் தீவு. ஏதென்சின் துறைமுகமான பிரேயஸிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. கடல் பயணம். பரப்பளவு 84 சதுர கி.மீ. மட்டுமே. மரங்கள் அருகிய, காற்று ஓயாது வீசும் பாறை நிலம். ‘ஆனோ’ என்றால் கிரேக்க மொழியில் ‘மேல்’ என்று பொருள். ஆக, ஆனோ சீரோஸ் என்பது மேல் சீரோஸ். கூம்பு வடிவக் குன்று ஒன்றின் உச்சியில் புனித ஜார்ஜியார் பேராலயம் நிற்கிறது. அதைச் சுற்றி, வளையத்துக்குள் வளையமாக, வெள்ளை வீடுகள் அடிவாரம் நோக்கி இறங்குகின்றன. தெருக்கள் என்பவை பெரும்பாலும் படிக்கட்டுகளே. சில இடங்களில் ஒரு வீட்டின் அறைக்கு அடியில் நுழைந்துதான் அடுத்த சந்துக்குப் போக வேண்டும். வெளிவளையத்து வீடுகளின் பின்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று கோட்டை மதிலாகப் பயன்பட்டன. ஊருக்குள் நுழைய இருந்தவை சில வாயில்கள் மட்டுமே. இரவில் அவற்றை அடைத்துவிடுவார்கள்.

இப்படி ஒடுங்கிக்கொண்டு வாழ வைத்தது கடற்கொள்ளையர் மீதிருந்த அச்சம். குன்றின் காலடியில் இருப்பதோ, ஏஜியன் கடலின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. கீழைக் கடலையும் மேலைக் கடலையும் இணைக்கும் பாதையில், காற்றுக்கு மறைவான ஆழமான விரிகுடா அது. அதைப் பார்த்தபடியே ஆனோ சீரோஸ் மக்கள் அறுநூறு ஆண்டுகள் மலைமேல் வாழ்ந்தார்கள். கரையில் சில கிடங்குகளையும் குடில்களையும் தவிர வேறொன்றும் கட்டத் துணியவில்லை. இந்தக் காலி நிலத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வரலாறு பின்னர் அங்கேதான் வந்து இறங்கப் போகிறது.

தீவின் பழமையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஹோமரின் ஒடிசி காவியத்தில் சீரியே என்னும் வளமான தீவு பேசப்படுகிறது. அது இதுவே எனக் கருதுவோர் உண்டு. பித்தகோரசின் ஆசான் என்று மரபு கூறும் பெரிகிதீஸ் என்னும் மெய்யியலார், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் இத்தீவில் தோன்றியவர். அதன்பின் நீண்ட மௌனம்.

மலைமேல் ஊரின் தோற்றம் கி.பி. 1204ஆம் ஆண்டோடு தொடர்புடையது. எருசலேமை மீட்கப் புறப்பட்ட நான்காம் சிலுவைப்போர்ப் படை, வழி மாறி, கிறித்தவத் தலைநகரான கான்ஸ்டான்டிநோப்பிளைத் தாக்கிச் சூறையாடியது. ஆலயங்கள் கொள்ளையிடப்பட்டன, பீடங்கள் தீட்டுப்பட்டன. கிழக்குத் திருச்சபைக்கும் மேற்குத் திருச்சபைக்கும் இடையே 1054 முதல் இருந்துவந்த பிளவை எல்லோர்க்கும் பொதுவான மனக்காயமாக மாற்றியது அந்த ஆண்டுதான். நாம் தலைகுனிந்தே வாசிக்க வேண்டிய பக்கம் அது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2001ஆம் ஆண்டு மே மாதம் ஏதென்ஸ் நகருக்குச் சென்றபோது, ஆர்த்தடாக்ஸ் பேராயரின் முன்னிலையில் அந்நிகழ்ச்சியை வெளிப்படையாகக் குறிப்பிட்டு இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் கிரேக்கருக்கு அது நேற்று நடந்ததைப் போலவே இருந்தது.

சூறையாடியவர்கள் பேரரசைப் பங்கிட்டுக்கொண்டபோது, வெனிஸ் நகரத்து மார்க்கோ சனூதோ 1207ஆம் ஆண்டளவில் சைக்ளடீஸ் தீவுகளைக் கைப்பற்றி நக்சோஸ் தீவைத் தலைநகராக்கிச் சிற்றரசு ஒன்றை நிறுவினார். சீரோஸ் அதன் ஒரு பகுதி. இலத்தீன் வழிபாட்டு முறை அப்போது இத்தீவில் வேரூன்றியது. மேற்கிலிருந்து வந்து குடியமர்ந்தவர்களும், உள்ளூர்க் கிரேக்கரில் இலத்தீன் முறையைத் தழுவியவர்களும் காலப்போக்கில் ஒரே சமூகமாயினர். வெனிசியர் ஆட்சி மறைந்தது, இத்தாலிய மொழி மறைந்தது. கத்தோலிக்க நம்பிக்கை மட்டும் நிலைத்தது. ஆனோ சீரோஸ் மக்கள் வீட்டில் பேசியதும், பாவசங்கீர்த்தனம் செய்ததும், சண்டையிட்டதும் கிரேக்க மொழியிலேதான்.

இருந்தும் அவர்களுக்கு அண்டை அயலார் இட்ட பெயர் ‘ஃபிராங்கோஸ்’. பிராங்கியர் என்னும் பழைய மேலை இனத்தின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. கிழக்கு நாடுகளில் மேற்கத்தியர் எல்லாரையும் அச்சொல்லால் குறித்தனர். அராபியர், பாரசீகர் வாய்வழியாக அதே சொல் நம் கரைக்கும் வந்தது. ‘பறங்கி’ என்று நாம் சொல்வது அதுவே. 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, ‘நான் பறங்கியன் அல்லன்’ என்று எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். மதத்தின் பெயரால் ஒருவனைத் தன் மண்ணிலேயே அந்நியனாக்கும் சொல் அது. சீரோஸ் கத்தோலிக்கர் மேல் அது அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களோ அதை ஒருவகையில் ஏற்றுக்கொண்டே வாழ்ந்தார்கள்; இன்று தங்களை ‘பிராங்கோ சீரியானி’ என்று அழைத்துக்கொள்வதில் அவர்களுக்கு வெட்கமில்லை, சற்றுப் பெருமைகூட உண்டு.

1537ஆம் ஆண்டில் ஒட்டோமன் கடற்படைத் தலைவன் பார்பரோசா இத்தீவுகளைப் பணியவைத்தான். 1566இல் சுல்தான் இரண்டாம் செலிம் நக்சோஸ் சிற்றரசை யோசேப்பு நாசி என்னும் யூதப் பிரபுவுக்கு அளித்தார். இலத்தீன் கத்தோலிக்கரும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மக்களும் வாழும் தீவுகளுக்கு, இசுலாமியப் பேரரசர் நியமித்த யூதர் ஆட்சித் தலைவர்! ஏஜியன் கடலில் இது வியப்புக்குரிய செய்தியே அன்று. 1579இல் நாசி இறந்தபின், சுல்தான் மூன்றாம் முராத் 1580இல் இத்தீவுகளுக்குச் சலுகைப் பட்டயம் ஒன்று வழங்கினார். ஆண்டுக்கொரு முறை வரியைக் கட்டிவிட்டால், ஊர்ப் பெரியவர்கள் தாமே நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளலாம், ஆலயங்களைப் பழுதுபார்க்கலாம். தீவில் துருக்கியர் குடியேற்றம் ஏறக்குறைய இல்லவே இல்லை.

எனினும் அந்த அமைதி நூலிழையில் தொங்கிய அமைதி. 1617ஆம் ஆண்டு ஒட்டோமன் கடற்படை சீரோசுக்கு வந்தபோது, எதிரிகளுக்குத் துணைபோனதாகக் குற்றம் சாட்டி, ஆயர் யோவான் அந்திரேயா கார்காவைத் தூக்கிலிட்டது. ஊர் சூறையாடப்பட்டது. அந்த ஆயரின் நினைவு இன்றும் அக்குன்றில் போற்றப்படுகிறது.

ஒரு துணை வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் மேலும் வலுத்திருக்க வேண்டும். பிரெஞ்சு மன்னர்கள் ஒட்டோமன் பேரரசோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளின் வழியாக, அப்பேரரசிலுள்ள கத்தோலிக்கரின் பாதுகாவலர் என்னும் நிலையைப் பெற்றிருந்தனர். 1635இல் கப்புச்சின் துறவியர் ஆனோ சீரோசில் மடம் அமைத்தனர். 1744இல் இயேசு சபையார் வந்தனர். ஆபத்து வந்தால் உயர்த்துவதற்குப் பிரான்சு நாட்டுக் கொடி ஒன்று மலைமேல் தயாராக இருந்தது. 1700ஆம் ஆண்டு அங்கே சென்ற பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞர் தூர்னஃபோர், ஏஜியன் தீவுகளிலேயே மிகவும் கத்தோலிக்கமானது சீரோஸ் என்றும், இலத்தீன் முறையார் ஆறாயிரம் பேருக்கு மேல் இருக்க, கிரேக்க முறைக் குடும்பங்கள் ஏழெட்டே உண்டு என்றும் எழுதிவைத்தார். ஆறாயிரம் என்பது சற்றுக் கூடுதலாகவே தோன்றுகிறது. 1821க்கு முன் தீவில் நாலாயிரம் பேர் அளவில்தான் இருந்தனர். ஆனால் விகிதத்தில் ஐயமில்லை. ‘திருத்தந்தையின் தீவு’ என்று அதை மற்றவர்கள் அழைத்தது பொருத்தமே.

பிறகு வந்தது 1821. ஒட்டோமன் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர் விடுதலைப் போரைத் தொடங்கினர். கத்தோலிக்கர் வாழ்ந்த தீவுகள் அதில் சேரவில்லை. சீரோஸ் மக்கள் நடுநிலை என்றார்கள். சுல்தானுக்குத் தொடர்ந்து வரி செலுத்தினார்கள். புரட்சி அரசு வரி கேட்டபோது கொடுக்கத் தயங்கினார்கள். பிரெஞ்சுக் கொடியின் நிழலில் நின்றுகொண்டார்கள். கிரேக்கத் தேசிய வரலாற்றில் இது அவர்கள்மேல் விழுந்த கறை.

இதைத் துரோகம் என்று சொல்வது எளிது. அவர்கள் நிலையிலிருந்து பார்த்தால் வேறாகவும் தோன்றும். புரட்சியின் கொடி சிலுவையைத் தாங்கியதுதான். ஆனால் அது ஆர்த்தடாக்ஸ் சிலுவை. அக்காலத்தில் ‘கிரேக்கன்’ என்ற சொல்லும் ‘ஆர்த்தடாக்ஸ்’ என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே பொருளில் வழங்கின. வெற்றி கிடைத்தால் ‘ஃபிராங்கோஸ்’ என்ன ஆவான் என்பதற்கு எவரும் விடை சொல்லவில்லை. தோல்வி கிடைத்தாலோ, 1617இல் நடந்தது மீண்டும் நடக்கும். இவ்வச்சங்கள் பொய்யானவை அல்ல. ஆயினும், அண்டை வீட்டான் உயிரைப் பணயம் வைத்துப் போராடும்போது, தொலைதூர மன்னன் ஒருவனின் கொடிக்கு அடியில் ஒதுங்கி நிற்கும் திருச்சபை, அதற்கான விலையைப் பல தலைமுறைகளுக்குச் செலுத்த வேண்டியிருக்கும் என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை. பாதுகாப்பு என்பது இலவசமாகக் கிடைக்கும் பொருள் அன்று.

ஆனால் இங்கேதான் யாரும் எதிர்பாராத திருப்பம் நேர்கிறது. சீரோஸ் நடுநிலையாய் இருந்ததால் துருக்கிக் கடற்படை அதைத் தொடவில்லை. பிரெஞ்சுக் கப்பல்கள் அப்பக்கம் வந்துபோயின. சுற்றிலும் கடல் இரத்தமாகிக் கொண்டிருக்க, ஒரு துறைமுகம் மட்டும் அமைதியாய் இருந்தது. எங்கே போவதென்று தெரியாமல் படகேறியவர்களுக்கு அது போதுமாயிருந்தது.

1821இல் சின்ன ஆசியக் கரையிலுள்ள கிதோனியே நகரம் எரிக்கப்பட்டது. 1822 ஏப்ரலில் கியோஸ் தீவு. திருத்தூதர் பவுல் மிலேத்துவை நோக்கிக் கடற்பயணம் செய்தபோது அத்தீவுக்கு எதிரே வந்துசேர்ந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் 20ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். செல்வமும் கல்வியும் மிகுந்திருந்த அத்தீவில் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். பல்லாயிரவர் அடிமைகளாக விற்கப்பட்டனர். 1824இல் ப்சாரா என்னும் சிறு தீவு முற்றாக அழிக்கப்பட்டது. திருவெளிப்பாடு நூலின் ஏழு திருச்சபைகளில் ஒன்றான சிமிர்னாவிலிருந்தும் மக்கள் ஓடிவந்தனர். இவர்களுள் பல்லாயிரவர் வந்து இறங்கியது சீரோசின் அந்தக் காலிக் கரையில்தான். அனைவரும் ஆர்த்தடாக்ஸ் மக்கள், புரட்சியை ஆதரித்தவர்கள். எந்த நடுநிலையை அவர்கள் துரோகம் என்று கருதினார்களோ, அந்த நடுநிலையே அவர்களின் உயிரைக் காத்தது.

மலைமேல் இருந்தவர்கள் அவர்களை மாலையிட்டு வரவேற்றார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அவ்வளவு இனிமையானதன்று. கரை நிலம் ஆனோ சீரோஸ் குடும்பங்களுக்குச் சொந்தமானது. அகதிகள் முதலில் குடிசை போட்டார்கள். பிறகு கல்வீடு கட்டினார்கள். நிலத்துக்கு உரிமை யாருடையது, வாடகை யாருக்கு, துறைமுக வரி யாருக்கு என்று வழக்குகளும் கைகலப்புகளும் தொடர்ந்தன. ஒரு பக்கம் உடைமை அனைத்தும் இழந்து, கண்முன்னே உறவினரைப் பறிகொடுத்து வந்தவர்கள். மறுபக்கம், நாலாயிரம் பேருக்கே போதாத பாறை நிலத்தில் தங்களைப்போல் மும்மடங்கு மக்கள் வந்து நிற்பதைக் கண்டு திகைத்தவர்கள். இரு தரப்பையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அகதிகள் 1824இலேயே ஆண்டவரின் உருமாற்ற ஆலயத்தைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். 1826இல் அப்புதிய குடியேற்றத்துக்குப் பெயர் வைக்கக் கூடினார்கள். கியோசைச் சேர்ந்த லூக்கா ராலிஸ் என்னும் வணிகர் ‘எர்மூப்போலி’ என்று முன்மொழிந்தார். வணிகத்தின் கடவுளாகப் பழங்கிரேக்கர் வழிபட்ட எர்மேசின் நகரம் என்று பொருள். கிறித்தவர் என்பதற்காகவே துரத்தப்பட்டு வந்தவர்கள், தங்கள் புது ஊருக்குப் பழைய புறச்சமயத் தெய்வத்தின் பெயரைச் சூட்டினார்கள்! வணிகரின் உள்ளம் எங்கே இருந்தது என்பதை அப்பெயர் மறைக்கவில்லை. 1828ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எர்மூப்போலியின் மக்கள் தொகை ஏறத்தாழ 14,000. தீவு முழுவதும் இருந்த கத்தோலிக்கரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அறுநூறு ஆண்டுக் காலக் கத்தோலிக்கத் தீவு ஏழே ஆண்டுகளில் ஆர்த்தடாக்ஸ் பெரும்பான்மைத் தீவாயிற்று. மலைமேல் ஊரில் அதற்காக ஒரு வீட்டின் கதவுகூட மாறவில்லை.

புதிய நகரின் வளர்ச்சி வியக்கத்தக்கது. சில ஆண்டுகளில் அது கிரேக்க நாட்டின் முதன்மை வணிகத் துறைமுகமாயிற்று. 1833இல் நாட்டின் முதல் அரசு உயர்நிலைப் பள்ளி அங்கே திறக்கப்பட்டது. திருவிவிலியத்தைத் தற்காலக் கிரேக்கத்தில் பெயர்த்த நியோஃபித்தோஸ் வாம்வாஸ் என்னும் ஆர்த்தடாக்ஸ் குரு அதன் தலைவர். பிற்காலத்தில் கிரேக்கப் பிரதமரான வெனிசெலோஸ் அப்பள்ளி மாணவர். கப்பல் கட்டும் தளம், நீராவிக் கப்பல் நிறுவனம், இசை நாடக அரங்கு, எர்ன்ஸ்ட் சில்லர் வரைந்த மாபெரும் நகர மண்டபம் என்று அந்த நகரின் பெருமைகள் பல. அவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை.

ஒன்றைமட்டும் சொல்லியாக வேண்டும். ப்சாரா தீவு அழிந்தபோது தப்பியோடியவர்கள் பல பொருள்களை விட்டுவிட்டு ஒரு சிறு படத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். அன்னை மரியாவின் துயில் நிலையைக் காட்டும் படம் அது. எர்மூப்போலியில் தாங்கள் கட்டிய ஆலயத்தில் அதை வைத்து வணங்கினார்கள். மெழுகுதிரிப் புகை படிந்து படிந்து அது கறுத்துப்போயிற்று. 1983ஆம் ஆண்டு மாஸ்தொரோபூலோஸ் என்னும் தொல்லியலார் அதை ஆராய்ந்தபோது, அடியில் ஒரு கையெழுத்து தெரிந்தது: தோமினிக்கோஸ் தியோத்தொகோபூலோஸ். உலகம் ‘எல் கிரெக்கோ’ என்று அறியும் ஓவியர்! வெனிஸ் ஆட்சியிலிருந்த கிரீட் தீவில் 1541இல் பிறந்து, கிழக்கத்திய முறையில் திருப்படங்கள் வரைந்து பழகி, பின்னர் இசுப்பானிய நாட்டின் தொலேதோ நகரில் கத்தோலிக்கத் திருச்சபையின் மாபெரும் ஓவியராக விளங்கி 1614இல் மறைந்தவர். கிழக்கும் மேற்கும் அவர் கைகளில் பிரிந்து நிற்கவில்லை. அவர் இளமையில் வரைந்த படம், கிழக்குக்கும் மேற்குக்கும் பிணக்கு நிலவிய ஒரு தீவில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பெயர் தெரியாமல் காத்துக்கிடந்தது.

கிரேக்க விடுதலையை ஏற்ற வல்லரசுகள் 1830 பிப்ரவரி 3ஆம் நாள் இலண்டனில் செய்த உடன்பாட்டில், கத்தோலிக்கருக்கு வழிபாட்டு உரிமையும் பழைய உடைமைகளும் உறுதியளிக்கப்பட்டன. நாட்டின் முதல் மன்னர் ஓட்டோ, பவேரியாவைச் சேர்ந்த கத்தோலிக்கரே. ஆனால் ஏட்டிலுள்ள உறுதி வேறு, வாழ்க்கை வேறு. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்சும் மணந்துகொண்டால், ஆர்த்தடாக்ஸ் குரு ஆசீர்வதித்தாலொழிய அரசு அம்மணத்தை ஏற்காது என்ற நிலை நீண்டகாலம் நீடித்தது. பிள்ளைகள் எந்தத் திருச்சபைக்குப் போவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1982இல் பதிவுத் திருமணச் சட்டம் வந்தபிறகே அது தளர்ந்தது. படகில் வந்திறங்கியவர்களால் ஏற்பட்ட மாற்றத்தை எல்லாரும் அறிவர். திருமணப் பதிவேட்டின் வழியாக, ஓசையின்றி, குடும்பம் குடும்பமாக நிகழ்ந்த மாற்றத்தை அறிந்தவர் குறைவு.

மலைமேல் ஊரும் தன் அளவில் மாறத்தான் செய்தது. கடற்கொள்ளையர் ஒழிந்ததும், மதிலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழத் தேவையில்லாமற் போயிற்று. பல குடும்பங்கள் தீவின் உட்புறத்திலும் தென்பகுதியிலும் இருந்த தங்கள் வயல்களை ஒட்டி வீடு கட்டிக் குடியேறின. இன்றைய கத்தோலிக்கக் கிராமங்கள் பல அவ்வாறு எழுந்தவை. கரைமேல் நகரம் அவர்களிடம் காய்கறியும் பாலும் வாங்கியது. நிலமில்லாதவர்கள் கீழே இறங்கி ஆலைகளிலும் கப்பல் தளத்திலும் கூலிக்குச் சேர்ந்தார்கள். விடியலில் சங்கொலி கேட்டுப் படி இறங்குவதும், இருட்டியபின் படி ஏறுவதுமே அவர்கள் வாழ்க்கை.

அப்படிப்பட்ட ஏழைக் குடும்பம் ஒன்றில் 1905ஆம் ஆண்டு மார்க்கோஸ் வாம்வக்காரிஸ் பிறந்தார். சிறு பையனாக நூற்பாலையில் தாயுடன் வேலை செய்தார். 1917ஆம் ஆண்டளவில் கப்பலில் ஒளிந்து பிரேயசுக்குப் போனார். மூட்டை தூக்கினார், இறைச்சிக் கூடத்தில் உழைத்தார். புசூக்கி என்னும் நரம்புக் கருவியைக் கற்றுக்கொண்டு, ரெபெத்திக்கோ என்னும் ஏழைகளின் இசைக்கே தந்தை எனப் போற்றப்பட்டார். 1935இல் அவர் பாடி வெளியிட்ட ‘பிராங்கோ சீரியானி’ என்ற பாட்டு, சீரோசின் கத்தோலிக்கப் பெண் ஒருத்தியைப் பற்றியது. இன்று அதைப் பாடத் தெரியாத கிரேக்கர் அரிது. ‘பறங்கி’ என்ற வசைச்சொல்லை நாடு முழுவதும் கைதட்டிப் பாட வைத்தவர், மலைமேல் ஊரிலிருந்து பிழைப்புத் தேடி ஓடிய ஒரு கூலித் தொழிலாளி. ஆயர்களும் தூதர்களும் எழுதிய மனுக்கள் சாதிக்காத ஒன்று இது.

அவர் மட்டும் ஓடவில்லை. நீராவிக் கப்பல்கள் பெருகி, 1893இல் கொரிந்து கால்வாயும் திறக்கப்பட்டபின், வணிகம் பிரேயஸ் பக்கம் சாய்ந்தது. எர்மூப்போலி மெல்ல மெல்லத் தேய்ந்தது. 1922இல் சிமிர்னா எரிந்தபோது மீண்டும் அகதிகள் வந்தார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக அமெரிக்கத் துயர்துடைப்பு நிறுவனம் ஒன்று தீவில் பெரிய அனாதை இல்லம் நடத்தியது. ஆனால் நூறாண்டுக்கு முன்பு வந்தவர்களைப் போல இவர்கள் தங்கி நகரமைக்கவில்லை. வேலையிருந்த இடம் தேடிப் போய்விட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் படை 1941இல் தீவைப் பிடித்தது. அந்தக் குளிர்காலத்தின் பஞ்சம் கிரேக்க நாட்டையே உலுக்கியது. சீரோசில் அதன் கொடுமை மிகுதி. இறக்குமதி உணவை நம்பி வாழ்ந்த தொழில் நகரம் அது. கப்பல் நின்றதும் அடுப்பும் நின்றது. ஆயிரக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். வயல் வைத்திருந்த கிராமத்தார் ஓரளவு தாங்கினர். கூலியை நம்பியிருந்தவர்கள் மலைமேலும் கரைமேலும் ஒருசேர விழுந்தார்கள். இலத்தீன் முறை, கிரேக்க முறை என்று பசி பார்க்கவில்லை.

போருக்குப் பின் ஏதென்சும் பிரேயசும் இளைஞரை இழுத்துக்கொண்டன. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவு முழுவதன் மக்கள் தொகை 21,000க்குச் சற்று மேல். கத்தோலிக்கர் சிறுபான்மையே, ஆயினும் கிரேக்க நாட்டில் வேறு எந்தத் தீவிலும் இத்தனை கத்தோலிக்கர் இல்லை. 2011 முதல் ஆனோ சீரோஸ் தனி நகராட்சி அன்று, எர்மூப்போலியோடு இணைக்கப்பட்டுவிட்டது. நிர்வாக ஏட்டில் மலையும் கரையும் ஒன்றாயின. குன்றின்மேல் பழைய வீடுகள் பல இப்போது கோடைக்காலத்தில் மட்டும் திறக்கின்றன.

சட்டத்தின் முன் திருச்சபையின் நிலை என்ன என்ற கேள்வி அண்மைக்காலம் வரை தீரவில்லை. கிரீட் தீவிலுள்ள கானியா நகரின் கத்தோலிக்க ஆலயம், தன் மதில் சுவர் தொடர்பான ஒரு சிறு வழக்கைத் தொடுத்தபோது, ‘வழக்குத் தொடுக்க நீங்கள் சட்டப்படி ஓர் ஆளே அல்லீர்’ என்று கிரேக்க நீதிமன்றங்கள் கூறிவிட்டன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1997 டிசம்பரில் ஆலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2014இல் வந்த சட்டத்தின் பிறகுதான் கத்தோலிக்கத் திருச்சபைக்கு அந்நாட்டில் முறையான சட்ட உருவம் கிடைத்தது. 1830இல் தரப்பட்ட வாக்கு நிறைவேற 184 ஆண்டுகள்.

இதற்கிடையே கிரேக்கக் கத்தோலிக்கத்தின் முகமே மாறிவிட்டது. அந்நாட்டில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர் ஐம்பதாயிரம் அளவில் இருக்க, 1990களிலிருந்து போலந்து, அல்பேனியா, பிலிப்பைன்ஸ், ஈராக் ஆகிய நாடுகளிலிருந்து வேலை தேடியும் அடைக்கலம் தேடியும் வந்த கத்தோலிக்கர் அவர்களைவிடப் பெருகிவிட்டார்கள். ஏதென்ஸ் பங்குகளில் பல மொழிகளில் திருப்பலி நடக்கிறது. சீரோசிலிருந்து போய் அங்கே குடியேறிய பழைய குடும்பங்கள், தங்கள் ஆலயத்திலேயே மீண்டும் சிறுபான்மையாக அமர்கிறார்கள். தாத்தாவின் தாத்தா மலைமேலிருந்து கரையைப் பார்த்துத் திகைத்த கதை அவர்களுக்குத் தெரியும்.

கிரேக்கக் கத்தோலிக்கர் உயிர்ப்புப் பெருவிழாவை உரோமை நாள்காட்டிப்படி கொண்டாடுவதில்லை. ஒரே வீட்டில் கணவன் தவக்காலத்திலும் மனைவி பாஸ்காவிலும் இருக்கக் கூடாது என்பதற்காக, திருப்பீடத்தின் அனுமதியோடு, ஆர்த்தடாக்ஸ் திருச்சபை குறிக்கும் நாளையே அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். 2024ஆம் ஆண்டு நாம் மார்ச் 31ஆம் நாள் அல்லேலூயா பாடிவிட்டோம். ஆனோ சீரோஸ் மக்கள், கரைமேல் நகரத்தாரோடு சேர்ந்து, மே 5 வரை காத்திருந்தார்கள்.